ரன் என்றால் ஓடு மட்டும்தானா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்திலேயே பலமுறை சந்திக்கும் ஆங்கிலச் சொல் ஒன்று உண்டு. அதுதான் 'ரன்'. சி.டி.யைப் போட்டால் ரன், பைலை டவுன்லோட் செய்தால் ரன், ரைட் கிளிக் செய்தால் 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்', டிஸ்க் நிறைந்துவிட்டால் 'ரன்னிங் அவுட்'. பள்ளியில் நாம் படித்ததோ ரன் என்றால் ஓடு. அந்த ஓர் அர்த்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு மானிட்டர் முன்னால் உட்கார்ந்தால் பாதி மெசேஜ்கள் புரியாது. மீதிப் பாதியில் ஏதாவது ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொண்டால் பேங்க் பாஸ்வேர்டே பறிபோகலாம். எனவே இந்தச் சொல்லைக் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடுவோம்.

அகராதியைத் திணறடித்த சொல்

ஆங்கிலத்தில் மிக அதிக அர்த்தம் உள்ள சொல் எது என்று கேட்டால் நெடுங்காலம் 'செட்' என்றுதான் பதில் வரும். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் மிக நீளமான பதிவு அதுதான். பிறகு அந்த அகராதியைத் திருத்தி எழுதத் தொடங்கினார்கள். 'ரன்' என்ற சொல்லின் முறை வந்தபோது பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் அந்த ஒரு சொல்லோடு மட்டும் ஒன்பது மாதங்களுக்கு மேல் மல்லுக்கட்டினார். வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 அர்த்தங்கள் தேறின என்ற செய்தி 2011இல் வெளிவந்தது. மூன்றே எழுத்துள்ள சொல்லுக்கு இத்தனை!

கொஞ்சம் யோசித்தால் நமக்கே பல தெரியும். கிரிக்கெட்டில் எடுப்பது ரன். சளி பிடித்தால் மூக்கு 'ரன்' ஆகும். மட்டமான துணியைத் துவைத்தால் சாயம் 'ரன்' ஆகும். கடை நடத்துவதும் ரன். அமெரிக்காவில் தேர்தலில் போட்டியிடுவதும் ரன்தான். நாம் நிற்கிறோம், அவர்கள் ஓடுகிறார்கள்!

தமிழும் இதில் சளைத்ததில்லை. படம் நூறு நாள் ஓடியது என்கிறோம். கடை நன்றாக ஓடுகிறது என்கிறோம். கவலையில் இருப்பவர் 'எனக்கு ஒண்ணும் ஓடலை' என்கிறார். கரண்ட் போனால் ஃபேன் ஓடாது, கிணற்று மோட்டாரும் ஓடாது. இந்தக் கடைசி உதாரணத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மோட்டார் எங்கேயும் போவதில்லை. போட்ட இடத்திலேயே இருந்து, தனக்குரிய வேலையைச் செய்கிறது. சுவிட்சைப் போட்டது நீங்கள். அதன்பிறகு வேலை செய்வது அது. கம்ப்யூட்டரில் வரும் ரன் இந்த வகையைச் சேர்ந்தது. தமிழில் 'இயக்கு' என்று மொழிபெயர்த்தார்கள். நல்ல மொழிபெயர்ப்பு.

அந்தக் காலத்து ரன்

1964இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜான் கெமனி, தாமஸ் கர்ட்ஸ் என்ற இரு பேராசிரியர்கள் பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கினார்கள். கணக்குப் பாடம் எடுக்காத மாணவர்களும் கம்ப்யூட்டரைப் பயன்படுத்த வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். அதனால் கட்டளைகளைச் சாதாரண ஆங்கிலச் சொற்களாகவே வைத்தார்கள். புரோகிராமை வரி வரியாக எழுதிவிட்டு, கடைசியில் 'ரன்' என்று டைப் செய்து என்டர் தட்ட வேண்டும். அவ்வளவுதான், கம்ப்யூட்டர் முதல் வரியிலிருந்து வேலையைத் தொடங்கிவிடும்.

டாஸ் காலத்தில் ஜிடபிள்யூ பேசிக் கற்றவர்களுக்குத் திரையின் அடிவரிசை நினைவிருக்கும். அதில் எஃப்2 கீக்கு நேராக ரன் என்று எழுதியிருக்கும். பலர் முதன்முதலில் எழுதிய புரோகிராம் இரண்டே வரிதான். பத்தாம் வரியில் தன் பெயரை அச்சிடச் சொல்லி ஒரு பிரிண்ட் கட்டளை, இருபதாம் வரியில் 'கோ டூ 10'. எஃப்2 தட்டியதும் திரை முழுவதும் பெயர் கொட்டிக்கொண்டே இருக்கும். கன்ட்ரோல் கீயோடு பிரேக் கீயை அழுத்தும்வரை நிற்காது.

விளையாட்டு போலத் தெரிந்தாலும் முக்கியமான விஷயம் இதில்தான் இருக்கிறது. எழுதி வைத்த கட்டளைகள் சும்மா இருக்கும்வரை வெறும் எழுத்துகள். ரன் என்று சொன்ன விநாடியிலிருந்து அவை செயல். நல்ல கட்டளையா, கெட்ட கட்டளையா என்று கம்ப்யூட்டர் யோசிக்காது. நிறுத்தச் சொல்லும்வரை செய்துகொண்டே போகும்.

ஓபன் வேறு, ரன் வேறு

ஒரு போட்டோவை டபுள் கிளிக் செய்கிறீர்கள். அது திறக்கிறது. கால்குலேட்டர் ஐகானை டபுள் கிளிக் செய்கிறீர்கள். அதுவும் திறக்கிறது. இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். உண்மையில் போட்டோ என்பது பார்க்கப்படும் பொருள். கால்குலேட்டர் என்பது வேலை செய்யும் பொருள். முன்னதை ஓபன் செய்கிறோம், பின்னதை ரன் செய்கிறோம். விண்டோஸ் இரண்டுக்கும் ஒரே டபுள் கிளிக்கை வைத்ததில்தான் வம்பு ஆரம்பித்தது.

2000ஆம் ஆண்டு மே 4ஆம் தேதி உலகெங்கும் பலருக்கு 'ஐ லவ் யூ' என்ற தலைப்பில் ஒரு இமெயில் வந்தது. தெரிந்தவர்களிடமிருந்தே வந்தது. கூடவே ஒரு பைல், பெயரைப் பார்த்தால் காதல் கடிதம் போல. பெயரின் நடுவில் 'டாட் டிஎக்ஸ்டி' என்று இருந்ததால் சாதாரண டெக்ஸ்ட் பைல் என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அதற்குப் பின்னால் 'டாட் விபிஎஸ்' என்று இன்னொரு வால் இருந்தது. விண்டோஸ் அந்தக் கடைசி வாலை மறைத்துக் காட்டுவது வழக்கம் என்பதால் அது பலர் கண்ணில் படவில்லை. டபுள் கிளிக் செய்தவர்கள் கடிதத்தைத் திறந்ததாக நினைத்தார்கள். உண்மையில் ஒரு புரோகிராமை ரன் செய்துவிட்டார்கள். அது அவர்களுடைய படங்களை அழித்து, அவுட்லுக் அட்ரஸ் புக்கில் இருந்த அத்தனை பேருக்கும் தன்னைத் தானே அனுப்பிக்கொண்டது. பிலிப்பைன்ஸில் கிளம்பிய இந்த வைரஸுக்குப் பயந்து பிரிட்டன் பாராளுமன்றம் தன் இமெயில் அமைப்பைச் சிறிது நேரம் நிறுத்தியே வைத்தது.

பைல் பெயரின் வாலை மறைக்கும் பழக்கம் விண்டோஸ் 11இலும் தொடர்கிறது. எனக்கு இது பிடிக்காத பழக்கம். புதுக் கம்ப்யூட்டரில் முதல் வேலையாக இதை மாற்றிவிடலாம். பைல் எக்ஸ்புளோரரைத் திறந்து, வியூ, பிறகு ஷோ என்று சென்று 'பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதில் டிக் செய்திடுங்கள். விண்டோஸ் 10 என்றால் வியூ டேபிலேயே இது இருக்கும். இனி ஒரு பைலின் பெயர் 'பில் டாட் பிடிஎஃப் டாட் இஎக்ஸ்இ' என்று முடிந்தால் அது பில் இல்லை, புரோகிராம் என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். இஎக்ஸ்இ, பிஏடி, விபிஎஸ், எஸ்சிஆர், எம்எஸ்ஐ என முடிபவை எல்லாம் ரன் ஆகும் வகை.

செய்தியாக வரும் ரன்

'ரன்னிங்' என்று வந்தால் அது பெரும்பாலும் தகவல். எக்ஸ்பியில் டாஸ்க் மானேஜரைத் திறந்தால் ஒவ்வொரு புரோகிராமுக்கும் எதிரே 'ரன்னிங்' என்று போட்டிருக்கும். வேலை செய்துகொண்டிருக்கிறது, கவலைப்படாதீர்கள் என்று அர்த்தம். 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வந்தால், ரன் ஆகிக்கொண்டிருந்தாலும் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை என்று பொருள். அதாவது, அது செத்துவிடவில்லை. பெரிய பைலைத் திறக்கும்போதும் இப்படி வரும். இரண்டு மூன்று நிமிடம் பொறுத்துப் பாருங்கள். அப்படியும் அசையவில்லை என்றால் மட்டும் 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். சேவ் செய்யாதது போய்விடும் என்பது தெரிந்ததுதான்.

'ஃபயர்பாக்ஸ் இஸ் ஆல்ரெடி ரன்னிங்' என்று ஒரு மெசேஜ் சில சமயம் வந்து குழப்பும். திரையில் எங்கேயும் ஃபயர்பாக்ஸ் இல்லை, பிறகு எப்படி ஏற்கெனவே ரன் ஆகிறது? விண்டோவை நீங்கள் மூடிவிட்டாலும், பின்னால் அந்த புரோகிராம் முழுதாக முடியாமல் தொங்கிக்கொண்டிருக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தி டாஸ்க் மானேஜரைத் திறந்து அதை முடித்துவிட்டால் மறுபடி திறக்கும்.

'திஸ் ஆப் கான்ட் ரன் ஆன் யுவர் பிசி' என்று வந்தால் பயந்துவிடாதீர்கள், கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. 32 பிட் விண்டோஸில் 64 பிட் புரோகிராமைப் போட்டிருப்பீர்கள். அல்லது டவுன்லோட் பாதியில் நின்றிருக்கும். 'ரன்டைம் எரர்' என்றால் புரோகிராம் இயங்கிக்கொண்டிருந்தபோது இடறிவிட்டது. 'ரன்டைம்' என்று தனியாக ஏதாவது இன்ஸ்டால் செய்யச் சொன்னால், அந்த புரோகிராம் இயங்குவதற்குத் தேவையான துணைப் பைல்களின் மூட்டை என்று புரிந்துகொள்ளலாம். அதை மைக்ரோசாஃப்ட் போன்ற மூல நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

இப்போது முற்றிலும் வேறு அர்த்தம் ஒன்று. 'யூ ஆர் ரன்னிங் அவுட் ஆஃப் டிஸ்க் ஸ்பேஸ்.' இங்கே எதுவும் ஓடவில்லை, இயங்கவும் இல்லை. 'ரன் அவுட் ஆஃப்' என்றால் தீர்ந்துபோவது. வீட்டில் அரிசி தீர்ந்துபோகிற அதே தீர்தல்தான். சி டிரைவில் இடம் முடியப்போகிறது என்று விண்டோஸ் சொல்கிறது. கிரிக்கெட்டின் ரன் அவுட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் கவனிக்காமல் விட்டால் கம்ப்யூட்டர் அவுட் ஆவது நிஜம். டிஸ்க் முழுக்க நிறைந்தால் விண்டோஸ் அப்டேட் நிற்கும், புதுப் பைல்கள் சேவ் ஆகாது. செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று சென்று டெம்பரரி பைல்களை நீக்கிவிடுங்கள். டவுன்லோட்ஸ் போல்டரை டிக் செய்யும் முன் அதில் வேண்டியது ஏதும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வியாக வரும் ரன்

ரன் என்பது கேள்வியாக வந்தால்தான் கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டு ஒருமுறை படிக்க வேண்டும். இணையத்திலிருந்து இறக்கிய புரோகிராமைத் தட்டினால், இந்தப் பைலை ரன் செய்யலாமா என்று விண்டோஸ் கேட்கிறது. 2004இல் வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 காலத்திலிருந்தே இந்தக் கேள்வி உண்டு. இப்போது வரும் விண்டோஸில் இன்னும் ஒரு படி மேலே. முன்பின் தெரியாத புரோகிராம் என்றால் நீலத் திரை ஒன்று வந்து 'டோன்ட் ரன்' என்ற பட்டனை முன்னால் காட்டும். 'மோர் இன்ஃபோ' என்பதைத் தட்டினால்தான் 'ரன் எனிவே' என்பது தெரியும். யாரோ ஆர்வத்தில் எழுதி இலவசமாகத் தரும் சிறு புரோகிராம்களுக்கும் இந்த எச்சரிக்கை வரலாம். அதிகம் பேர் இறக்காததால் விண்டோஸுக்கு அது அறிமுகம் இல்லை, அவ்வளவே. எனவே எச்சரிக்கை வந்தாலே வைரஸ் என்று சொல்லமுடியாது. எங்கிருந்து இறக்கினோம் என்று உங்களுக்குத் தெரியாவிட்டால் மட்டும் 'டோன்ட் ரன்' தான் பதில்.

'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' பற்றி ஒரு வார்த்தை. சொத்து விஷயத்தில் ஒருவருக்குப் பவர் எழுதிக் கொடுப்போம் இல்லையா, இது அதுதான். சாதாரணமாக ரன் செய்தால் புரோகிராம் உங்கள் பைல்களைத் தொடலாம். அட்மினிஸ்ட்ரேட்டராக ரன் செய்தால் விண்டோஸின் உள் பாகங்களையும் மாற்றலாம். எல்லாவற்றுக்கும் இதையே கொடுத்தால் பிரச்சினை வராது என்று சிலர் சொல்லித் தருகிறார்கள். வேண்டாம். கேட்காத ஆளுக்குப் பவர் எழுதித் தருவானேன்?

கேட்காமலே ரன் ஆன காலமும் இருந்தது. அதன் பெயர் 'ஆட்டோரன்'. சி.டி.யைப் போட்டதும் தானாகவே இன்ஸ்டால் தொடங்குவதற்காகச் செய்த வசதி. பென் டிரைவ் வந்தபின் அதுவே வினையாயிற்று. 2008 நவம்பரில் தலைகாட்டிய கான்ஃபிக்கர் என்ற புழு பரவிய வழிகளில் இதுவும் ஒன்று. விண்டோஸ் 7இல் பென் டிரைவுக்கு ஆட்டோரன்னை நிறுத்தினார்கள். 2011இல் எக்ஸ்பி, விஸ்டாவுக்கும் அப்டேட் வழியாக நிறுத்தினார்கள்.

ரன் பாக்ஸ்

இனி வருவது மிக அவசியமானது. விண்டோஸ் படம் போட்ட கீயை அழுத்திக்கொண்டு ஆர் எழுத்தைத் தட்டுங்கள். திரையின் இடது மூலையில் சின்னதாக ஒரு பெட்டி வரும். இதுதான் ரன் பாக்ஸ். 1995இல் வந்த விண்டோஸ் 95இன் ஸ்டார்ட் மெனுவிலேயே இது இருந்தது. விஸ்டாவில் ஸ்டார்ட் மெனுவிலிருந்து மறைத்தார்கள். ஆனால் கீபோர்டு வழி இன்றும் உண்டு. ஆங்கிலத்தில் சி, ஏ, எல், சி என்று டைப் செய்து என்டர் தட்டினால் கால்குலேட்டர் வரும். டபிள்யூ, ஐ, என், வி, இ, ஆர் என்று கொடுத்தால் உங்களிடம் இருப்பது எந்த விண்டோஸ் என்று காட்டும். செய்து பாருங்கள், ஆபத்தில்லை.

பேசிக்கின் ரன்னும் இந்த ரன்னும் ஒரே குடும்பம். நீங்கள் டைப் செய்வதை அது தயங்காமல் செய்யும். டவுன்லோட் செய்த பைலுக்கு வரும் நீலத் திரை எச்சரிக்கை இங்கே டைப் செய்யும் கட்டளைக்கு வராமல் போகலாம். நீங்களே உங்கள் கையால் கட்டளை கொடுப்பதால் விண்டோஸ் அதை உங்கள் விருப்பம் என்றே எடுத்துக்கொள்கிறது. திருடர்கள் இதைக் கண்டுகொண்டார்கள்.

முதல் வகைத் திருடன் போனில் வருவான். பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து பேசுவதாகச் சொல்வான். 'சார், உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கு, நான் சொல்ற கீயை அழுத்துங்க' என்று ரன் பாக்ஸைத் திறக்கச் சொல்லி, எழுத்து எழுத்தாக ஒரு கட்டளையைச் சொல்வான். ஈவென்ட் வியூவர் என்ற பட்டியல் திறக்கும். அதில் சிவப்பும் மஞ்சளுமாக எக்கச்சக்க எரர்கள். பார்த்ததும் நமக்கு வியர்த்துவிடும். உண்மை என்னவென்றால், நன்றாக இருக்கும் எல்லாக் கம்ப்யூட்டரிலும் அந்தப் பட்டியல் அப்படித்தான் இருக்கும். அது விண்டோஸின் நாட்குறிப்பு. அடுத்து, தூரத்திலிருந்து உங்கள் கம்ப்யூட்டரை இயக்கும் ஒரு புரோகிராமை ரன் செய்யச் சொல்வான். அதைச் செய்துவிட்டால் உங்கள் மவுஸ் அவன் கையில்.

இரண்டாம் வகை 2024 முதல் வேகமாகப் பரவியது. 'கிளிக்ஃபிக்ஸ்' என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். இதில் பேசுவதற்கு ஆளே தேவையில்லை. ஏதோ ஒரு வெப்சைட்டைத் திறக்கிறீர்கள். 'நான் ரோபோ அல்ல' என்று டிக் செய்யச் சொல்கிறது. டிக் செய்ததும், நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்க மூன்று வேலை செய்யச் சொல்கிறது. விண்டோஸ் கீயும் ஆரும், பிறகு கன்ட்ரோலும் வியும், பிறகு என்டர். படித்துப் பார்த்தால் ஏதோ விரல் பயிற்சி போலத் தெரியும். ஆனால் நீங்கள் டிக் செய்தபோதே அந்தப் பக்கம் ஒரு கட்டளையை உங்களுக்குத் தெரியாமல் காப்பி செய்து வைத்துவிட்டது. முதல் வேலை ரன் பாக்ஸைத் திறக்கிறது. இரண்டாவது அந்தக் கட்டளையை அதில் பேஸ்ட் செய்கிறது. மூன்றாவது ரன் செய்கிறது. உள்ளே வரும் புரோகிராம், பிரவுசரில் நீங்கள் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போகும்.

உண்மையான 'நான் ரோபோ அல்ல' சோதனை பிரவுசருக்குள்ளேயே முடிந்துவிடும். டிராஃபிக் லைட் படத்தைத் தொடச் சொல்லும், கோணல் எழுத்தைப் படிக்கச் சொல்லும். ரன் பாக்ஸைத் திறக்கச் சொல்வது எதுவாக இருந்தாலும், அந்தப் பக்கத்தை உடனே மூடிவிடுங்கள்.

வீட்டில் யாராவது ஏற்கெனவே என்டர் தட்டிவிட்டார்கள் என்றால் திட்டுவதற்கு நேரமில்லை. முதலில் நெட் இணைப்பைத் துண்டியுங்கள். பாஸ்வேர்டுகளை அந்தக் கம்ப்யூட்டரில் மாற்றாதீர்கள். வேறு கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ மாற்றுங்கள். முதலில் இமெயில், அடுத்து பேங்க். ஏனென்றால் மற்ற எல்லா பாஸ்வேர்டையும் மீட்கும் லிங்க் இமெயிலுக்குத்தான் வரும். பிறகு கம்ப்யூட்டரில் ஆண்டிவைரஸ் கொண்டு முழு ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டார்ட்டப் பட்டியலையும் டாஸ்க் மானேஜரில் பாருங்கள். விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் 'ரன்' என்ற பெயரிலேயே ஒரு பகுதி இருக்கிறது. அதில் தன் பெயரை எழுதிவைத்த புரோகிராம், நீங்கள் ஒவ்வொரு முறை லாகின் செய்யும்போதும் தானே ரன் ஆகும். திருட்டுப் புரோகிராம்களுக்கு அது பிடித்த இடம். சந்தேகம் தீரவில்லை என்றால், உங்கள் பைல்களை எடுத்து வைத்துக்கொண்டு விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்வதே நிம்மதி. பணம் போயிருந்தால் பேங்குக்குச் சொல்லிவிட்டு, இந்தியாவில் இருப்பவர்கள் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள்.

என்ன நடந்தது என்று வீட்டில் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லையா? ரன் பாக்ஸைத் திறந்து வலது ஓரத்தில் உள்ள சின்ன அம்புக்குறியைத் தட்டுங்கள். அதற்கு முன் அந்தப் பெட்டியில் கொடுத்த கட்டளைகளை அது வழக்கமாக நினைவில் வைத்திருக்கும். நீளமாக, புரியாத எழுத்துகளோடு, நடுவில் ஒரு வெப்சைட் முகவரியோடு ஏதாவது தெரிந்தால் அதுதான் ஆசாமி. என்டர் தட்டாமல் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு பெட்டியை மூடிவிடுங்கள். கம்ப்யூட்டரைச் சரிசெய்ய வருபவருக்கும், புகார் எழுதுபவருக்கும் அந்தப் போட்டோ உதவும்.